பிளக்கைப் பிடுங்காமல்

எங்கள் ரிப்போர்ட்டில் இருந்தது மூன்றே வார்த்தை: பழுது எதுவும் காணப்படவில்லை. அதைப் படித்துவிட்டு ஒரு பெண் நாச்சாரம் ஃபேக்டரி கேட்டில் வந்து நிற்கிறாள், எழுதியவரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறாள் என்று செக்யூரிட்டி போன் செய்தார். எழுதியது நான்தான். சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை. எனக்குப் பசி வந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், மூளை பின்னால் பஸ் பிடித்து வந்து சேரும். "ஒருவாய் சோறு திங்க விடமாட்டாய்ங்க" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கேட்டுக்குப் போனேன்.

அந்தப் பெண் காதில் அது விழுந்துவிட்டது. தெலுங்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"நீங்க தமிழாக்கா?"

"ஆமா. மதுரை. நீங்க?"

"மல்காஜ்கிரிக்கா. ரயில்வே குவார்ட்டர்ஸ்லயே பொறந்து வளந்தவ. ஷோபா என் பேரு. ஹப்சிகுடா நர்சிங் ஹோம்ல நர்ஸு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இருந்தேன். இப்ப சஸ்பெண்டு" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் செய்வது வார்மர். பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் சின்னப் படுக்கை, மேலே ஹீட்டர். குழந்தையின் வயிற்றில் பொட்டு மாதிரி ஒரு சென்ஸரை ஒட்டுவார்கள். அதன் ஒயர் வந்து ஒரு பிளக்கில் முடியும். அந்தப் பிளக்கைக் கட்டிலின் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டியில் செருக வேண்டும். தோல் சூடு குறைந்தால் பெட்டி ஹீட்டரைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். எங்கள் வார்மர் ஒன்றில் படுத்திருந்த நான்கு நாள் பெண் குழந்தை, ஹப்சிகுடாவில், உடம்பு கொதித்து, வலிப்பு வந்து, இறந்துபோயிருந்தது. அன்றைக்கு மதிய ஷிஃப்டில் இருந்த நர்ஸ்தான் என் முன்னால் நின்றாள்.

"சென்ஸர் தோலை விட்டு கழண்டிருக்கும், நீ பாக்காம விட்டுட்டேன்னு சொல்றாங்கோ" என்றாள். "கழண்டா மெஷினு குழந்தை குளுந்துபோச்சுன்னு நெனச்சுகினு சூட்டை ஏத்துமாம். ஹவ், ஆமா, அது எனக்கும் தெரியும். ஆனா நான் நல்லா அழுத்தித்தான் ஒட்டினேன். ஒட்டினேனா இல்லையான்னு இப்ப எனக்கே டவுட் வந்துடுச்சுக்கா. எல்லாரும் சொல்லச் சொல்ல மண்டைக்குள்ள அப்டியே மாறிப்போவுது."

"பாருங்க, என்கொயரி நடக்கும்போது நான் உங்ககூட பேசவே கூடாது. எங்க முதலாளி சொல்லிருக்காரு."

"வேலை நக்கோக்கா, வேணாம். வேலை போனா போவுது. கைக்கு, ஏன் இங்க வந்தேன்னா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்தக் குழந்தைய நானா கொன்னேன்?"

நான் சொன்னது இதைத்தான்: "எங்க மெஷின்ல கோளாறு எதுவும் இல்லைங்க." அவள் தலையை ஆட்டினாள். ஆட்டோ பிடிக்கக்கூட இல்லை. வெயிலில் நடந்தே போனாள். நான் திரும்பி வந்து டப்பாவை மூடி வைத்தேன். தயிர்சாதம், அதுவும் இறங்காது போலிருந்தது.

மூன்று வார்த்தையை நான் சும்மா எழுதிவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே லாட்டில் செய்த மெஷின் இரண்டு, கரீம்நகரிலிருந்தும் நல்கொண்டாவிலிருந்தும், சூடு கூடுகிறது என்ற புகாரோடு திரும்பி வந்திருந்தன. நல்லவேளை, அங்கே குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் மேஜையில் வைத்து நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் காட்டவில்லை. தங்கமாக வேலை செய்தன. ஹப்சிகுடா மெஷினை மட்டும் நாங்கள் இன்னும் தொடவில்லை. அதை அந்த நர்சிங் ஹோம் டாக்டரம்மா, சென்ஸரும் பிளக்கும் எப்படி இருந்ததோ அப்படியே வைத்து, துணி சுற்றி, அரக்கு முத்திரை போட்டு ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருந்தார். வரும் வாரம் நாங்கள் போய் அவர் முன்னால் திறந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

அன்று சாயங்காலம் இர்பான் நல்கொண்டா மெஷினை இன்னொரு தடவை திறந்தான். இர்பான் என்னோடு வேலை பார்ப்பவன், வாணியம்பாடிக்காரன். சர்க்யூட் போர்டு அவன் டிசைன், அதற்குள் ஓடும் புரோகிராம் என்னுடையது. மெஷினின் மூளை நகக்கண் அளவு சிப். அதற்குள் என்ன ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதைப் பார்க்கத்தான் டீபக் ப்ரோப் என்று ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் லேப்டாப், மறு பக்கம் சிப். மாட்டினால், சிப் இந்த நொடியில் என்ன எண்ணை மனதில் வைத்திருக்கிறது என்பது லேப்டாப்பில் தெரியும். பொய் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று வார்த்தையை அவ்வளவு திமிராக எழுதினேன்.

இர்பான் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் எதையும் துடைத்துவிட்டுத்தான் தொடுவோம், எங்கள் வழக்கம் அது. பெட்டி, ஒயர் எல்லாவற்றையும் துடைத்தான். பிறகு சென்ஸர் பிளக்கைப் பிடுங்கினான், அதையும் ஒரு இழுப்பு துடைத்தான். பிளக்கைப் பிடுங்காமல் பெட்டியின் மூடி வராது, மூடி வராமல் ப்ரோப்பை மாட்ட முடியாது. மூடியைக் கழற்றி, ப்ரோப்பின் கேபிளைச் செருகி, பிளக்கைத் திரும்பக் குத்தினான். நூறு தடவை பார்த்திருக்கிறேன், நானே செய்திருக்கிறேன். கை தானாகச் செய்யும்.

"கைய எடுறா!" என்று கத்தினேன்.

அவன் பதறி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான். "என்னக்கா, ஷாக் அடிக்குதா?"

"நீ இப்ப என்ன செஞ்ச?"

"ப்ரோப் மாட்டினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"தொடச்சேன்... பிளக்க எடுத்தேன்... திரும்பப் போட்டேன்." சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. "யா அல்லா" என்றான்.

பிளக்குக்கும் அது போய் உட்காரும் குழிக்கும் நடுவில் ஏதாவது அழுக்கோ துருவோ இருந்திருந்தால், நாங்கள் பார்க்க உட்காரும் முன்பே அதைத் துடைத்து, பிடுங்கி, தேய்த்து, சரிசெய்துவிட்டோம். அப்புறம் ப்ரோப்பை மாட்டி, கோளாறு எங்கே, கோளாறு எங்கே என்று தேடியிருக்கிறோம். காய்ச்சல்காரன் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம் தெர்மாமீட்டர் வைத்த கதை. இரண்டு மெஷினையும் இப்படித்தான் குளிப்பாட்டிவிட்டுப் பார்த்திருக்கிறோம்.

புகார் வந்த மெஷின்களில் கை படாத பிளக் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது ஹப்சிகுடாவில் முத்திரைக்குள் இருந்தது. அதையும் வழக்கம்போலத் திறந்தோமென்றால் அதோடு சரி. ஷோபா சாகிற வரைக்கும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் பக்தவத்சலம் சாரின் அறைக்குப் போனேன். அவர்தான் முதலாளி. அறுபது வயது, வேலூர்ப் பக்கம். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் பார்த்ததில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஃபேக்டரி என்று வந்துவிட்டால் காது கொஞ்சம் அடைத்துக்கொள்ளும்.

"பிளக்க தொடாம எப்படிம்மா திறப்பே?" என்றார்.

"பின்பக்கம் பிளாஸ்டிக்க அறுத்து ஓட்டை போடுறோம் சார். இர்பான் போர்டோட அடிப்பக்கத்துல நாலு கம்பிய சால்டர் வைப்பான். அதுல ப்ரோப்ப மாட்டிருவோம்."

"முத்திரை போட்ட மெஷின்ல ஓட்டையா? கம்பெனிக்காரன் ஏதோ தில்லுமுல்லு பண்றான்னு சொல்லமாட்டாங்களா? வழக்கப்படி பாத்துட்டு வாங்களேன்."

"வழக்கப்படி பாத்தா வழக்கப்படி ஒண்ணும் தெரியாது சார்! கண்ணக் கட்டிக்கிட்டுத் தேடிட்டு, காணோம் காணோம்னு ரிப்போர்ட் எழுதிருக்கோம். எனக்கு வெக்கமா இருக்கு."

"குரலைக் குறைம்மா பத்மா. வெளியில நாப்பது பேர் வேலை செய்றாங்க. இது இழுத்துட்டுப் போச்சுன்னா அவங்க கதி?"

"அந்தப் பொண்ணு கதி?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே டெம்போவில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு மேஜை மேலிருந்த பெருமாள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நம்ம மெஷின்ல ஒண்ணும் இருக்காதும்மா. நான் பெத்த பிள்ளை மாதிரி பாத்து அனுப்பறேன். நீ ஓட்டை போட்டே பாரு. நானும் வரேன்" என்றார்.

நர்சிங் ஹோம் ஸ்டோர் ரூமில் ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு நடுவே அந்த வார்மர் நின்றது. டாக்டர் அக்ஷதா முத்திரையை உடைத்தார். குழந்தைகள் டாக்டர், நாற்பது வயது இருக்கும், சிரிக்காத முகம். நான் என்ன செய்யப் போகிறேன், ஏன் பிளக்கைத் தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் சரியான கேள்வி. பிறகு போனை எடுத்து வீடியோ பதிவை ஆரம்பித்து, "செய்யுங்கள்" என்றார். ஷோபாவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் உள்ளே வரவில்லை. வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்மர் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

டாக்டர் சூடாக்கிய சலைன் பை ஒன்றைப் படுக்கையில் வைத்தார். குழந்தைக்குப் பதில் அது. சென்ஸரை அதன் மேல் ஒட்டி, பக்கத்திலேயே தன்னுடைய தெர்மாமீட்டரையும் வைத்தார். இர்பான் தரையில் மண்டிபோட்டு, பெட்டியின் பின்புறத்தைச் சின்ன ரம்பம் வைத்து அறுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் பெட்டி அதிர்ந்தது. நான் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், அசையக்கூடாதே, அசையக்கூடாதே என்று. "மெதுவாடா, மெதுவா" என்று நான் சொன்னதில் அவனுக்கே எரிச்சல் வந்து, "அக்கா, நீங்க கொஞ்சம் மூச்ச விடுங்க, நான் அறுத்துக்கறேன்" என்றான்.

நான்கு கம்பி. கரன்ட் இருக்கிறதா என்று ப்ரோப் தெரிந்துகொள்ள ஒன்று, கிரவுண்டு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, பேச்சுக்குத் தாளம் போட ஒன்று. முடி மாதிரி கம்பிகள். இர்பான் வைத்து முடித்தான். ப்ரோப்பை மாட்டி, லேப்டாப்பில் டூலைத் திறந்தேன். இந்த டூலுக்கு ஒரு பழக்கம் உண்டு, போனவுடனே சிப்பைத் தட்டி நிறுத்திவிட்டுத்தான் பேசும். நிறுத்தாதே, அது பாட்டுக்கு ஓடட்டும், நீ வெறுமனே பார் என்று அமைப்பை மாற்றிவிட்டுக் கனெக்ட் கொடுத்தேன்.

சிப் கிடைக்கவில்லை என்றது.

மறுபடி. கிடைக்கவில்லை. பக்தவத்சலம் சார் தொண்டையைக் கனைத்தார். "வழக்கம்போல மூடியக் கழட்டி மாட்டிடலாமேம்மா" என்றார். அவர் கை பிளக்கை நோக்கி நீண்டதாக எனக்குத் தோன்றியது. "சார், தொட்டீங்கன்னா நான் இப்பவே வேலைய விட்டுட்டுப் போயிருவேன்" என்றேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பி நீளமா இருக்குக்கா, வேகம் தாங்கல" என்றான் இர்பான். அதுவும் சரி. தாளத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், நத்தை வேகத்துக்குக் கொண்டுவந்தேன். கனெக்ட் கொடுத்தேன். இந்தத் தடவை சிப் பதில் சொன்னது.

பெட்டியின் முகப்பில் 36.4 என்று காட்டியது. குழந்தைக்கு இருக்க வேண்டிய சூட்டுக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. மேலே ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் தன் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. காத்திருந்தோம். முப்பத்தொன்பது. ஹீட்டர் அணையவில்லை. நாற்பது. முகப்பில் அதே 36.4, நிதானமாக, நல்ல பிள்ளையாக.

லேப்டாப் திரையில் வேறு கதை. சிப்புக்குள் வரும் அசல் எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முப்பத்தெட்டு என்னும், முப்பத்தைந்து என்னும், யாராவது தரையில் நடந்தால் முப்பத்துமூன்றுக்குத் துள்ளும். நல்ல இணைப்பில் எண் இப்படிக் குதிக்காது. பிளக்குக்கும் குழிக்கும் நடுவில் ஏதோ தடுக்கிறது. தடை கூடினால் இந்தச் சென்ஸரில் அது குளிர் மாதிரித் தெரியும். குளிருகிறது என்று மெஷின் ஹீட்டரை ஏற்றிக்கொண்டே போகிறது.

அப்படியானால் முகப்பில் ஏன் குதிக்கவில்லை? நான்தான் குதிக்க விடவில்லை. எண் ஆடினால் டாக்டர்களுக்கு மெஷின் மேல் நம்பிக்கை வராது என்று, வரும் எண்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, ஆடாமல் அசையாமல் காட்டும்படி எழுதியவள் நான். ஒயர் அறுந்தால் என் புரோகிராம் கண்டுபிடிக்கும், ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கண்டுபிடிக்கும். இப்படி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த அமைதியான 36.4 என் கைவேலை. சொல்லும்போதே நாக்கு கூசுகிறது.

"எல்லாம் பதிவாகிவிட்டதா?" என்று டாக்டரிடம் கேட்டேன். தலையசைத்தார். "இப்போது பிளக்கை எடுக்கலாம்" என்றேன்.

டாக்டரே கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார். பிளக்கின் நுனியில் வெளிர் மஞ்சளாக ஒரு ஏடு, காய்ந்து, விரிசல் விட்டு ஒட்டியிருந்தது. துரு இல்லை. மருந்தா, பிளாஸ்திரிப் பசையா என்று டாக்டர் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்தவத்சலம் சார் குனிந்து முகர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"சந்தனம்" என்றார்.

ஆயுத பூஜை அன்று அனுப்பத் தயாராக இருக்கும் மெஷின்களையெல்லாம் எங்கள் ஃபேக்டரியில் வரிசையாக நிறுத்தி வைப்போம். சார் குளித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். பெட்டியின் முகப்பில் நடுநாயகமாக இருப்பது சென்ஸர் குழிதான். பிள்ளையைத் தொடுற ஒயர் போற இடம், அதுக்குத்தான் முதல் பொட்டு என்பார். சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனது இர்பான். நான் ஒரு ஓரமாக நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். முகப்பில் இருந்ததை ஆஸ்பத்திரியில் துடைத்துவிட்டார்கள். குழிக்குள் போனதை யார் பார்த்தார்கள்? பிளக்கைக் குத்தியதும் அது உள்ளே இழுத்துக்கொண்டு போய், ஹீட்டர் சூட்டில் இறுகி, நடுவில் உட்கார்ந்துவிட்டது.

சார் அங்கிருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வலது கைக் கட்டைவிரலையும் மோதிர விரலையும் வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "பெருமாளே, பெருமாளே" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார், சந்தனம் மட்டும் இல்ல. என் புரோகிராமும்தான். அத முதல்ல எழுதணும்" என்றேன்.

"எல்லாத்தையும் எழுதும்மா. கம்பெனி பேர்ல எழுதாதே. சந்தனம் வச்சது பக்தவத்சலம்னு என் பேரப் போட்டு எழுது" என்றார். பிறகு எழுந்து நின்று, "மத்த மெஷினெல்லாம் எங்கெங்க போயிருக்கோ, இப்பவே போன் போடச் சொல்லு. ஒரு குழந்தையும் அதுல படுக்கக்கூடாது" என்றார். இர்பான் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தான்.

டாக்டர் பிளக்கைப் படம் எடுத்தார், ஏட்டில் கொஞ்சத்தைச் சுரண்டி ஒரு சீசாவில் போட்டு மூடினார். கடைசியாக ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. பிளக்கைச் சுத்தமாகத் துடைத்து, குழியையும் துடைத்து, திரும்பச் செருகினேன். திரையில் துள்ளிக்கொண்டிருந்த எண் அடங்கியது. முகப்பில் 36.4 மடமடவென்று ஏறியது. முப்பத்தெட்டு. நாற்பது. ஹீட்டர் அணைந்தது. அலாரம் அலறியது.

அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், அது அன்றைக்கு அடித்திருக்க வேண்டிய அலாரம். டாக்டர்கூட உடனே அணைக்கவில்லை. நான் வாசலைப் பார்த்தேன். ஷோபா அங்கே இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வார்டு பக்கமிருந்து ஏதோ ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. இவளுக்காவது ஒரு நல்ல வார்த்தை கொண்டுவந்திருக்கிறோமே என்று எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, மறைப்பானேன்.

"ஷோபா, நீ சென்ஸர சரியாத்தான் ஒட்டிருக்க. தப்பு எங்க மெஷின்ல. எங்க மேலதான். டாக்டரம்மா எழுதித் தர்றாங்க. உன்மேல ஒண்ணும் இல்ல."

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அன்னிக்கு குழந்தை கொதிக்கும்போதும் அதுல முப்பத்தாறு நாலுதான் காட்டியிருக்குமாக்கா?"

"ஆமா. அப்படித்தான் காட்டிருக்கும்."

"ஹவ். அப்டித்தான் காட்டிச்சு" என்றாள். "நான் பாத்தேன்."

கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அதைத் தொட்டேன். யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. டயபர் மாத்தலாம்னு போய் வயித்துல கைய வெச்சேன். சுட்டுச்சு. கைய எடுத்துட்டு மெஷினப் பாத்தேன், சரியாத்தான் காட்டுது. அப்பத்தான் பைப்புல கை கழுவிகினு வந்திருந்தேன், தண்ணி ஐஸு மாதிரி. என் கைதான் குளுந்து இருக்கு, அதான் குழந்தை சூடாத் தெரியுதுன்னு நெனச்சுகினேன். அடுத்த குழந்தையப் பாக்கப் போயிட்டேன்."

படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள். நாங்கள் இருவரும் ஒதுங்கி வழிவிட்டோம். எதற்கெடுத்தாலும் முன்னால் ஓடுகிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணை நம்பும்படி செய்ததே நாங்கள்தான் என்று சொல்லலாம். உன் இடத்தில் யாராக இருந்தாலும் மெஷினைத்தான் நம்பியிருப்பார்கள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான்.

"உன் கை பொய் சொல்லல ஷோபா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அதான் தாங்க முடியல."